ஐம்பது ஆண்டுக்கு ஒரு முறை திறக்கும் வாயில்

ஓடுகின்ற ஆறு யாருடைய உடைமை? கரையில் நிலம் வைத்திருப்பவனுடையதா? குறுக்கே அணை கட்டப் பணம் போட்டவனுடையதா? வலை வீசிப் பிழைப்பவனுடையதா? அன்றி, அதைக் குடித்தும் அதில் குளித்தும் அதன் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் வரும் ஊரார் அனைவருடையதா? இக்கேள்வி பழமையானது. மின்சாரம் என்னும் சக்தி உலகில் பரவிய பின் இது முன்னிலும் கூர்மை அடைந்தது.

ஆற்றை மறித்து அணை எழுப்பினால் நீர் உயர்ந்து நிற்கிறது. அந்நீரைக் குழாய் வழியே இறக்கினால் அதன் வேகத்தில் சக்கரம் சுழல்கிறது. சக்கரம் சுழல மின்சாரம் பிறக்கிறது. கரி வேண்டியதில்லை, எண்ணெய் வேண்டியதில்லை, புகையும் இல்லை. இந்நன்மையை எவர் மறுப்பார்? ஆயினும் அதே அணை, கடலிலிருந்து ஏறி வரும் மீனின் வழியை அடைக்கிறது. கீழே ஆற்றை வற்றச் செய்கிறது. மேலே வயலையும் வீட்டையும் மூழ்கடிக்கிறது. இலாபம் ஒருவர் கணக்கிலும் நஷ்டம் வேறொருவர் கணக்கிலும் எழுதப்படுகிறது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியவர் யார்? அந்த ஏட்டைப் பிரித்துக் காட்டும்படி கேட்க யாருக்கு உரிமை உண்டு?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வினாவுக்கு ஒரு விடை சட்டமாக எழுதப்பட்டது. அவ்விடை உடனே பலன் தந்துவிடவில்லை. எழுதப்பட்ட சட்டத்துக்கும் கிடைத்த நியாயத்துக்கும் இடையில் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலவரம்பு பிறந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆறுகள் மின்சாரக் கம்பெனிகளின் கண்ணில் பட்டன. அணை கட்ட விரும்பிய கம்பெனி, காங்கிரஸ் சபையில் தனக்கென ஒரு தனிச் சட்டம் நிறைவேற்றிக் கொள்ளும். அச்சட்டத்தில் காலவரம்பும் இராது; பொதுமக்களுக்குக் கட்டணமும் இராது. ஒருமுறை வாங்கினால் ஆறு என்றென்றைக்கும் கம்பெனிக்கே உரியதாகிவிடும். அந்நாளில் ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1908, 1909 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய மசோதாக்களைத் தமது அதிகாரத்தால் நிராகரித்தார். பொதுச் சொத்தை விலையின்றியும் வரம்பின்றியும் தனியாருக்குத் தத்தம் செய்வது தகாது என்பது அவர் கொள்கை. காடுகளைக் காக்க அரும்பாடுபட்ட கிஃபர்ட் பின்ஷோ முதலியோரும் இதனையே வற்புறுத்தினர்.

பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 1920-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் மத்திய நீர்விசைச் சட்டம் நிறைவேறியது. அதன் உயிர்நாடியான விதி ஒன்றுண்டு. அணை கட்டுவோருக்கு லைசென்ஸ் வழங்கப்படும். ஆனால் அதன் ஆயுள் 50 ஆண்டுக்கு மேற்படாது. காலம் முடிந்ததும் அணைக்காரர் மறுபடியும் வந்து கேட்டாக வேண்டும். கேட்டால் கொடுக்கலாம்; நிபந்தனை மாற்றிக் கொடுக்கலாம்; மறுக்கவும் செய்யலாம்.

இதன் பொருளை நம்மவர் எளிதில் உணரலாம். நிலத்தைக் கிரயம் செய்து கொடுப்பது வேறு. குத்தகைக்கு விடுவது வேறு. கிரயம் செய்த நிலத்தை வாங்கியவன் எப்படிப் பாழாக்கினாலும் விற்றவன் வாய் திறக்க முடியாது. குத்தகைக்கு விட்ட நிலத்தையோ, தவணை முடியும் நாளில் உரியவன் நடந்து சென்று பார்க்கலாம். மரம் நிற்கிறதா, வரப்பு நிற்கிறதா, கிணறு தூர்ந்ததா என்று கேட்கலாம். அமெரிக்கச் சட்டம் ஆற்றைக் கிரயம் செய்யாது குத்தகைக்கு விட்டது. உரியவர் என்ற இடத்தில் பொதுமக்களை வைத்தது.

வைத்தது மெய்யே. ஆனால் அவ்வுரியவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. லைசென்ஸ் வழங்கும் பொறுப்பு முதலில் மூன்று மந்திரிகள் கொண்ட கமிஷனிடமும், 1930-இல் ஐவர் கொண்ட தனிக் கமிஷனிடமும் விடப்பட்டது. கம்பெனியின் இஞ்சினீயர் வரைபடம் கொண்டு வருவார். கமிஷனின் இஞ்சினீயர் அதைப் பார்வையிடுவார். இருவரும் ஒரே கல்வி கற்றவர், ஒரே மொழி பேசுவோர். முன்னாளில் தோட்டங்களில் பெரட்டுக்கு வந்து நின்ற பிறகே அன்றைய வேலை இன்னதென்று தொழிலாளி அறிவான். அதுபோல, முடிவான பிறகே ஆற்றங்கரையார் தம் ஆற்றின் கதியை அறிந்தனர்.

மலையைக் காக்க எழுந்த வழக்கு

இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சி நியூயார்க் மாகாணத்தில் ஹட்சன் ஆற்றின் கரையில் நடந்தது. ஸ்டார்ம் கிங் என்னும் மலை அவ்வாற்றின் ஓரத்தில் செங்குத்தாக நிற்கிறது. 1962-இல் கன்சாலிடேட்டட் எடிசன் என்னும் மின்சாரக் கம்பெனி அம்மலையைக் குடைந்து ஒரு நிலையம் அமைக்க முற்பட்டது. இரவில், மின்சாரத் தேவை குறைந்த நேரத்தில், ஆற்று நீரை மேலே ஏற்றித் தேக்கி வைப்பது. பகலில் தேவை மிகுந்த வேளையில் அதனை இறக்கி மின்சாரம் எடுப்பது. அதன் வலிமை சுமார் 20 இலட்சம் கிலோவாட்.

அடுத்த ஆண்டு அவ்வூர்ப் பக்கத்தார் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். மலையின் அழகு கெடும், மீன் குஞ்சுகள் குழாயில் இழுக்கப்பட்டு மாயும் என்று வாதித்தனர். கமிஷன் அதைப் பொருட்படுத்தாமல் 1965 மார்ச்சில் லைசென்ஸ் கொடுத்தது. சங்கத்தார் அப்பீல் நீதிமன்றம் சென்றனர். கம்பெனிக்காரர் கேட்ட கேள்வி கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும்: “உங்களுக்கு இதில் என்ன நஷ்டம்? உங்கள் பணம் ஒரு காசாவது போயிற்றா? பின் எந்த உரிமையில் வழக்காட வந்தீர்கள்?” என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

1965 டிசம்பர் 29-ஆம் நாள் நீதிமன்றம் லைசென்ஸை ரத்துச் செய்தது. இயற்கை எழில், மீன்வளம், பொழுதுபோக்கு ஆகியவற்றில் அக்கறை கொண்டு பாடுபட்டவர்களும் பாதிக்கப்பட்டோரே. அவர்களுக்கு வழக்காடும் தகுதி உண்டு என்று தீர்ப்புக் கூறியது. மற்றொன்றும் சொல்லிற்று. கமிஷன் வெறும் ஆட்ட நடுவரைப் போல் இருபுறமும் வருவதைப் பார்த்துக் கொண்டிருத்தல் போதாது. பொதுமக்களின் உரிமையைத் தானே முன்வந்து காக்க வேண்டும், தானே உண்மைகளைத் தேட வேண்டும் என்பது அதன் கருத்து. வழக்கு அதன் பின்னும் நீண்டது. 1980 டிசம்பரில் ஏற்பட்ட உடன்படிக்கையில் கம்பெனி அத்திட்டத்தைக் கைவிட்டது. ஸ்டார்ம் கிங் மலை இன்றும் குடையப்படாமல் நிற்கிறது.

காசு இழந்தவனுக்கே பேச உரிமை என்ற பழைய வேலி அன்று விழுந்தது. பின்னர் 1977-இல் பழைய கமிஷன் கலைந்து, மத்திய சக்தி ஒழுங்குமுறைக் கமிஷன் என்ற புதியது அதனிடத்தில் வந்தது. 1986-இல் காங்கிரஸ் சபை சட்டத்தைத் திருத்தியது. லைசென்ஸ் வழங்கும்போது மின்சாரத்துக்குக் காட்டும் கவனத்தை அதே அளவில் மீன், பறவை, விலங்கு, சுற்றுப்புறத்தின் தூய்மை, மக்களின் பொழுதுபோக்கு, மின்சாரச் சிக்கனம் ஆகியவற்றுக்கும் காட்ட வேண்டும் என்று அத்திருத்தம் கட்டளையிட்டது. “சம கவனம்” என்ற அந்த ஒரு சொல், பின்னர் பல அணைகளின் தலைவிதியை மாற்றியது.

உள்ளே நுழையும் முறை

முறையைச் சிறிது விளக்குதல் நலம். முறை அறியாதவன் உரிமை ஏட்டோடு நின்றுவிடும். லைசென்ஸ் காலம் முடிவதற்கு ஐந்து அல்லது ஐந்தரை ஆண்டுக்கு முன்னரே அணைக்காரர் தம் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். அப்போதே ஆற்றைப் பற்றித் தம்மிடமுள்ள விவரங்களையும் வெளியிட வேண்டும். அதன் மேல் கூட்டங்கள் நடைபெறும். எவ்வெவற்றை ஆராய வேண்டும் என்று ஊராரும், மீனவரும், பூர்வகுடியினரும், மாகாண இலாகாக்களும் எழுதிக் கேட்கலாம். மீன் எத்தனை, நீர் எவ்வளவு வெப்பம், கீழே எவ்வளவு நீர் விடப்படுகிறது என்ற ஆராய்ச்சிகள் அணைக்காரர் செலவில் நடக்கும். காலம் முடிய இரண்டாண்டுக்கு முன்னரே விண்ணப்பம் வந்தாக வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கமிஷனுக்கு அபிப்பிராயம் எழுதுதல் ஒன்று. வழக்கில் கட்சிக்காரராகச் சேர்தல் மற்றொன்று. எவரும் கடிதம் எழுதலாம். அது கோப்பில் சேரும். ஆனால் குறித்த தவணைக்குள் மனுச் செய்து கட்சிக்காரராகச் சேர்ந்தவருக்கே, உத்தரவு பிறந்த 30 நாளுக்குள் மறுவிசாரணை கேட்கவும், அதிலும் நியாயம் கிட்டாவிடில் நீதிமன்றம் செல்லவும் உரிமை உண்டு. கோர்ட்டு வாசலில் நின்று கூவுபவனுக்கும், வழக்குக் கட்டில் பெயர் எழுதப்பட்டவனுக்கும் உள்ள வேறுபாடே இது. இதை அறிந்தவர் வென்றனர். அறியாதவர் ஆயிரம் கடிதம் எழுதியும் ஓய்ந்தனர்.

கென்னபெக் ஆற்றின் கதை

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் உள்ளது மெய்ன் மாகாணம். அதன் தலைநகர் அகஸ்டா. அந்நகரில் கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837-இல் ஓர் அணை எழுந்தது. பிற்காலத்தில் எட்வர்ட்ஸ் அணை என்று பெயர் பெற்ற அது, சுமார் 900 அடி நீளமும் 24 அடி உயரமும் உடையது. முதலில் ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றியது. பின்னர் மின்சாரம் தந்தது. மீன் ஏறுவதற்கென வைத்த வழி வெள்ளத்தில் போயிற்று, மறுபடி கட்டப்படவில்லை. சால்மன் மீனும், ஸ்டர்ஜன் மீனும், மலாய்க்காரர் தெருபோக் என்று வழங்கும் மீனுக்கு உறவான ஷாட் மீனும், ஏல்வைஃப் என்னும் சிறு மீனும் கடலிலிருந்து ஏறி வந்து அணைச்சுவரில் முட்டி நின்றன. மேலூர்களின் மீன்பிடி தொழில் நாளடைவில் அழிந்தது.

1993-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வணையின் லைசென்ஸ் முடியவிருந்தது. அதே காலத்தில் நாடெங்கும் 150-க்கு மேற்பட்ட லைசென்ஸ்கள் முடியும் தறுவாயில் இருந்தன. கென்னபெக் கரையார் அந்நாள் வரும் வரை காத்திருக்கவில்லை. 1989-இலேயே நான்கு சங்கங்கள் ஒன்று கூடி ஒரு கூட்டணி அமைத்தன. அவற்றுள் தேசமளாவிய சங்கமும் இருந்தது. உள்ளூர்த் தூண்டில்காரர் கிளையும் இருந்தது. அவர்கள் முழக்கங்களை மட்டும் நம்பவில்லை. மீன் நிபுணரையும், இஞ்சினீயரையும், பொருளாதாரம் கற்றவரையும், வழக்கறிஞரையும் கொண்டு ஆயிரக்கணக்கான பக்கங்களில் சாட்சியம் தொகுத்துக் கமிஷன் முன் வைத்தனர்.

அச்சாட்சியத்தின் கூர்மை இரண்டு இடங்களில் இருந்தது. முதலாவது, அணையின் பயன். அதன் வலிமை 3,500 கிலோவாட். மெய்ன் மாகாணம் செலவிட்ட மின்சாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்களவே. இரண்டாவது, பரிகாரம். “மீன் ஏணி கட்டிவிட்டால் குறை தீராதா?” என்பது அணைக்காரர் தரப்பு. ஏணி ஏறும் மீனும் உண்டு, ஏறாத மீனும் உண்டு என்று கூட்டணியார் காட்டினர். ஸ்டர்ஜனும், வரிப்பாஸ் என்னும் மீனும், ஸ்மெல்ட் என்னும் சிறு மீனும் ஏணியைப் பயன்படுத்துவதில்லை. மேலும் ஏணி கட்டும் செலவு அணையை அகற்றும் செலவைவிட மிகுதி.

1996-இல் வந்த கமிஷனின் முதல் அறிக்கை, ஏணி கட்டி லைசென்ஸைப் புதுப்பிக்கலாம் என்றே கூறியது. கரையார் சோர்ந்து போகவில்லை. அறிக்கையின் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி மறுப்பு எழுதினர். 1997-இல் வந்த இறுதி அறிக்கை தலைகீழாக மாறியது. அணையை அகற்றுவதே தகும் என்றது. அவ்வாண்டு நவம்பர் 25-ஆம் நாள் கமிஷன், இருவர் ஆதரிக்க ஒருவர் எதிர்க்க, லைசென்ஸை மறுத்து அணையை அகற்றுமாறு உத்தரவிட்டது. அணைக்காரர் விருப்பத்துக்கு மாறாகக் கமிஷன் அவ்விதம் உத்தரவிட்டது அதுவே முதல் முறை.

அடுத்த ஆண்டு உடன்பாடு ஏற்பட்டது. அணை மாகாணத்தின் வசம் வந்தது. கீழே இருந்த கப்பல் கட்டும் கம்பெனி ஒன்றும், மேலே அணைகள் வைத்திருந்தவர்களும் தத்தம் கடமைகளுக்கு ஈடாகச் செலவுத் தொகையைக் கொடுத்தனர். 1999 ஜூலை முதல் நாள், மக்கள் பெருந்திரளாகக் கரையில் நின்று பார்க்க, அணை உடைக்கப்பட்டது. 162 ஆண்டுகளுக்குப் பின் 17 மைல் தூரம் ஆறு தன் போக்கில் ஓடியது. அவ்வாண்டிலேயே மீன்கள் மேலே ஏறின. பின்னர் 2008-இல் அதன் கிளையாறான செபாஸ்டிகுக் ஆற்றிலும் ஓர் அணை அகற்றப்பட்டது. அவ்வழியே ஏறும் ஏல்வைஃப் மீன்கள் சில ஆண்டுகளில் 20 இலட்சத்தைத் தாண்டின.

கிளமத் ஆற்றின் கதை

கென்னபெக்கின் வழக்கில் அணை சிறிது, எதிரியும் சிறிது. நாட்டின் மற்றொரு கோடியில், பசிபிக் சமுத்திரக் கரையில் நடந்ததோ பெரும் போராட்டம். கிளமத் ஆறு ஓரிகன் மாகாணத்தின் தென்பகுதியில் தோன்றி, கலிபோர்னியாவின் வடபகுதி வழியாகச் சுமார் 250 மைல் ஓடிக் கடலில் சேர்கிறது. யூரோக், கரூக், ஹூபா, கிளமத் என்னும் பூர்வகுடிகள் எண்ணற்ற தலைமுறைகளாக அதன் சால்மன் மீனையே உணவாகவும் வழிபாட்டுப் பொருளாகவும் கொண்டு வாழ்ந்தவர்கள். 1918 முதல் 1962 வரை அவ்வாற்றில் நான்கு மின்சார அணைகள் எழுந்தன. சால்மன் மேலாற்றுக்கு வரும் வழி அடைபட்டது. அணை எழும்போது அக்குடிகளை ஒருவரும் கேட்கவில்லை. லைசென்ஸின் காலம் 2006-இல் முடியவிருந்தது.

அதற்கு முன் ஒரு துயரம் நேர்ந்தது. 2002 செப்டம்பரில் ஆற்றில் நீர் குறைந்து, வெப்பம் மிகுந்து, நோய் பரவி, 30,000-க்கு மேற்பட்ட சால்மன்கள் முட்டையிடும் முன்னரே மடிந்து கரையொதுங்கின. அக்காட்சி பூர்வகுடி மக்களின் நெஞ்சைச் சுட்டது. லைசென்ஸ் முடியும் நாளே தம் வாயில் என்று அவர்கள் கண்டு கொண்டனர். அணைக் கம்பெனியின் உடைமை அப்போது ஸ்காட்லாந்திலிருந்த வேறொரு கம்பெனியின் கையில் இருந்தது. 2004-இல் பூர்வகுடிப் பிரதிநிதிகள் கடல் கடந்து ஸ்காட்லாந்துக்கே சென்று, பங்குதாரர் கூட்டம் நடந்த இடத்தில் தம் குறையைச் சொன்னார்கள். பின்னர் கம்பெனி அமெரிக்க முதலாளி ஒருவர் கைக்கு மாறியது. அவர் ஊராகிய ஒமாஹாவுக்கும் சென்றார்கள்.

ஊர்வலத்தோடு நில்லாது, சட்ட மேடையிலும் அவர்கள் கட்சிக்காரராக நின்றனர். மீன்வள இலாகாக்கள், புது லைசென்ஸ் வேண்டுமாயின் அணைகளில் மீன் ஏணி அமைத்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தன. கம்பெனி அதை எதிர்த்து விசாரணை கோரியது. 2006-இல் நடந்த அவ்விசாரணையில் நீதிபதி இலாகாக்களின் பக்கமே உண்மை இருப்பதாகக் கண்டார். ஏணி கட்டினால் செலவு பல கோடி டாலர். கட்டிய பின் நிலையம் நஷ்டத்திலேயே ஓடும் என்று கமிஷனின் கணக்கே காட்டியது. அணையை வைத்திருப்பதைவிட விட்டுவிடுவதே மலிவு என்று கம்பெனி உணர்ந்தது. அறத்தின் குரலுக்கு அசையாத கணக்குப் புத்தகம், சாட்சியத்தின் பளுவினால் அசைந்தது.

2010-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. காங்கிரஸ் சபை அதற்கு வேண்டிய சட்டத்தை 2015 இறுதிவரை நிறைவேற்றவில்லை. 2016-இல் வேறு வழி கண்டு உடன்படிக்கையைத் திருத்தினர். 2022 நவம்பர் 17-ஆம் நாள் கமிஷன் அணைகளை அகற்ற ஒருமனதாக அனுமதி தந்தது. செலவுக்கென 45 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஒரு பகுதி மின்சாரக் கட்டணம் செலுத்துவோரிடமிருந்தும், மற்றொரு பகுதி கலிபோர்னிய மாகாணக் கடன் பத்திரத்திலிருந்தும் வந்தது. 2023-இல் ஓர் அணையும் 2024-இல் மற்ற மூன்றும் அகற்றப்பட்டன. 2024 அக்டோபரிலேயே சால்மன்கள் பழைய அணைகளைக் கடந்து ஓரிகனுக்குள் காணப்பட்டன.

மறுபக்கமும் உண்டு

இவ்வரலாற்றை வெற்றி முழக்கமாக மட்டும் சொல்லிவிட்டால் நாம் நேயர்களை ஏமாற்றியவராவோம். “பொதுமக்கள்” என்பது ஒரே வாயுடைய உருவமன்று. கிளமத் அணைகளின் பின்னே தேங்கிய ஏரிக்கரையில் வீடு கட்டி வாழ்ந்தவர்களும் மக்களே. 2010-இல் அப்பகுதியான சிஸ்கியூ கவுண்டியில் வாக்கெடுத்தபோது மிகப் பெரும்பாலோர் அணைகளை அகற்றலாகாது என்றே வாக்களித்தனர். தம் ஏரியும் வீட்டு மதிப்பும் போகும் என்ற அவர்கள் அச்சம் பொய்யானதன்று. ஒருவனுக்கு ஆறு திரும்புகையில் மற்றொருவனுக்கு ஏரி மறைகிறது. இருவரையும் கேட்டு, இருவர் கணக்கையும் ஏட்டில் ஏற்றி, காரணம் கூறி முடிவு செய்வதே நியாயம். எவரையும் கேளாமல் செய்த முடிவு நன்மையாக முடிந்தாலும் அது தற்செயலே.

இரண்டாவது குறை, தாமதம். லைசென்ஸ் முடிந்தும் கமிஷன் முடிவு செய்யாவிடில், பழைய நிபந்தனைகளோடு ஆண்டுக்கு ஆண்டு தற்காலிக லைசென்ஸ் கிடைக்கும். கிளமத் அணைகள் 2006-க்குப் பின் பதினாறு ஆண்டுகள் இவ்விதமே ஓடின. தாமதத்தால் அணைக்காரருக்கு நஷ்டமில்லை. மீனவனுக்கோ ஒவ்வோர் ஆண்டும் நஷ்டம். காலமும் பணமும் உள்ளவன் காத்திருப்பான். அன்றாடம் காய்ச்சுபவன் எத்தனை கூட்டத்துக்கு வருவான்?

மூன்றாவது குறை இன்னும் கசப்பானது. ஏழையான கட்சிக்காரருக்கு வழி காட்டவும், வழக்கறிஞர், நிபுணர் செலவில் உதவி செய்யவும், பொதுமக்கள் பங்கேற்புக்கென ஓர் அலுவலகம் கமிஷனில் அமைக்கலாம் என்று 1978-இலேயே காங்கிரஸ் சபை சட்டம் எழுதியது. அவ்வலுவலகம் திறக்கப்பட்டது 2021-இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள் அவ்விதி அச்சிட்ட காகிதமாகவே கிடந்தது. கூட்டணி அமைக்க ஆள் உள்ள ஊர் தன் செலவில் நிபுணரைத் தேடிக் கொண்டது. ஆள் இல்லாத ஊர் வாயடைத்து நின்றது. உரிமையைச் சட்டத்தில் எழுதுவது பாதி வேலை. அதைப் பயன்படுத்தும் சக்தியை ஏழைக்கு அளிப்பது மறுபாதி.

அணைகளெல்லாம் இடிக்கப்பட்டன என்றும் எவரும் எண்ண வேண்டாம். புதுப்பிக்க வந்த லைசென்ஸ்களில் மிகப் பெரும்பாலானவை புதுப்பிக்கவே பட்டன. வேறுபாடு நிபந்தனைகளில் உள்ளது. மாசசூசெட்ஸ், வெர்மாண்ட் மாகாணங்களில் ஓடும் டீர்ஃபீல்டு ஆற்றின் அணைக்காரரும் கரையாரும் 1994-இல் கூடிப் பேசி உடன்பட்டனர். 1997-இல் லைசென்ஸ் வந்தது. அணைகள் நின்றன, விளக்குகளும் எரிந்தன. ஆயினும் வறண்ட ஆற்றில் என்றும் ஓரளவு நீர் விட ஏற்பாடாயிற்று. படகு செலுத்துவோருக்குக் குறித்த நாள்களில் நீர் திறக்கப்பட்டது. கரையோரத்தில் சுமார் 18,000 ஏக்கர் நிலம் பாதுகாக்கப்பட்டது. மின்சாரமும் ஆறும் ஒன்றுக்கொன்று ஜன்மப் பகையல்ல என்பதற்கு இது சான்று.

நாம் அறிவது யாது?

இருண்ட வீட்டில் விளக்கேற்றும் சக்தியை இகழ்வது பேதைமை. அணையை வெறுக்குமாறு இவ்வரலாறு கூறவில்லை. ஆட்சி பற்றிய மூன்று பாடங்களையே இது நமக்கு உரைக்கிறது.

முதலாவது, பொதுச் சொத்தின் மேல் தரும் உரிமை எதுவாயினும் அதற்கு முடிவுநாள் வேண்டும். ஆறாயினும் காடாயினும் சுரங்கமாயினும் இதுவே விதியாகத்தக்கது. 1920-இல் அமெரிக்கர் அந்த முடிவுநாளை எழுதாது விட்டிருப்பின், 1997-இல் கென்னபெக் கரையார்க்குக் கேட்க ஒரு மேடையே இருந்திராது. அன்று சட்டம் எழுதியோர் மீனைப் பற்றி எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும், பின்வரும் தலைமுறைக்குப் புதிய அறிவு பிறக்கும், அதற்கு இடம் விட வேண்டும் என்ற அடக்கம் அச்சட்டத்தில் இருந்தது. இன்றைய அறிவே முடிந்த அறிவு என்று எண்ணி என்றென்றைக்கும் எழுதிக் கொடுப்பவன், பிறக்காத பிள்ளையின் வாயையும் சேர்த்துக் கட்டுகிறான்.

இரண்டாவது, வாயில் திறந்திருந்தால் மட்டும் போதாது. நுழைபவர் கையில் சாட்சியம் வேண்டும். இத்தனை மீன், இத்தனை கிலோவாட், இத்தனை டாலர் என்று கணக்குக் காட்டியவர் சொல்லே சபையில் ஏறியது. கண்ணீருக்கு மதிப்பு உண்டு. ஆனால் கண்ணீரைக் கோப்பில் சேர்க்க எண்ணும் எழுத்தும் வேண்டும். படிப்பும், சங்கமும், தவணை தப்பாமல் மனுச் செய்யும் ஒழுங்கும் இல்லாத சமூகம் நியாயம் தன் பக்கம் இருந்தும் தோற்கும்.

மூன்றாவது, பொறுமை. கென்னபெக் கரையார்க்குப் பத்தாண்டு. ஹட்சன் கரையார்க்குப் பதினேழாண்டு. கிளமத் மக்களுக்கு இருபதாண்டுக்கு மேல். தொடங்கியவர் சிலர் முடிவு காணாமலே மறைந்தனர். அவர்கள் வைத்துச் சென்ற கோப்பை இளையவர் எடுத்து வழக்கைத் தொடர்ந்தனர்.

அதிகாரிகள் முடிவு செய்யட்டும், நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்கி நிற்பது பணிவென்று சிலர் கருதுகின்றனர். பொது விஷயத்தில் அது பணிவாகாது. தம் பங்கைப் பிறர்க்கு விட்டுக் கொடுத்தலேயாகும். ஆற்றுக்கு உரியவர் ஊரார் என்று சட்டம் சொல்லலாம். தவணை முடியும் நாளில் ஊரார் எழுந்து சென்று தம் பெயரை அவ்வேட்டில் எழுதும்போதுதான் அச்சொல் மெய்யாகிறது.